பாண்ட் ரசீது யார் பெயரில் இருக்கும்?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அவருடைய அண்ணன் மகன் படிப்பு விசாவில் நியூ ஜெர்சி போனவன். படிப்பு முடிந்தது, வேலை அமையவில்லை, விசாவும் செல்லாமல் போய்விட்டது. போன மாதம் பிடித்து டிடென்ஷனில், அதாவது தடுப்புக் காவலில், வைத்துவிட்டார்கள். 10,000 டாலர் பாண்ட், அதாவது பிணைத் தொகை, கட்டினால் விடலாம் என்று நீதிபதி சொல்லியிருக்கிறாராம். அங்கே எடிசன் என்ற ஊரில் பையனுடைய நண்பனின் மாமா ஒருவர் இருக்கிறார், கிரீன் கார்டு வைத்திருப்பவர். தன் பெயரில் கட்டத் தயார், பணம் மட்டும் இங்கிருந்து வரட்டும் என்கிறார். இதற்கிடையில் புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர், "20 பர்சென்ட் என்கிட்ட குடுங்க, மூணு நாள்ல பையன் வெளியே" என்கிறார். நிலப் பத்திரத்தை ஜாமீனாகக் காட்ட முடியாதா, யார் மூலம் கட்டுவது, கட்டிய பணம் திரும்புமா என்பவைதான் அக்காவின் கேள்விகள்.

நான் ஒன்பது வருடம் நியூ ஜெர்சியில் ஒரு இமிக்ரேஷன் வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவியாளனாக, இருந்தவன். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் பாண்ட் கட்டும் ஜன்னலில் நிறைய நாள் நின்றிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், நிலப் பத்திரம் உதவாது; எடிசன் மாமா வழிதான் சரியான வழி; ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்; பையன் ஒழுங்காகக் கோர்ட்டுக்குப் போனால் பணம் திரும்பும். ஆனால் அது உங்களிடம் திரும்பாது அக்கா, மாமாவிடம்தான் திரும்பும். நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறவர்கள் யாரும் கவனிக்காத விஷயம் இதுதான். மற்றதையெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

'ஜாமீன்' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கடலூர் கோர்ட்டில் ஜாமீன் என்றால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, சில வழக்குகளில் தாசில்தார் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்று, அப்புறம் கையெழுத்து. பெரும்பாலும் ரொக்கம் கைமாறாது. ஆள் வராமல் போனால்தான் ஜாமீன்தாரர் கழுத்துக்கு வரும். அமெரிக்க இமிக்ரேஷன் பாண்ட் அப்படி இல்லை. முழுத் தொகையையும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும். பாதி இப்போது, பாதி அப்புறம் என்பதெல்லாம் கிடையாது. நீதிபதி பாண்ட் தருவதானால் சட்டப்படி 1,500 டாலருக்குக் குறையக் கூடாது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.

நான் ஊருக்குத் திரும்பிய புதிதில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மஞ்சள் பையோடு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. ஒரு ஏக்கர் சொச்சம் முந்திரித் தோப்பு. "இத வச்சிக்கிட்டு எம் புள்ளைய விடச் சொல்லு தம்பி" என்றார். பண்ருட்டித் தோப்பை அமெரிக்க அரசு ஜப்தி செய்ய முடியாது, அதனால் அது அங்கே வெறும் காகிதம் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தப் பையில் உருப்படியாக இருந்தது அடியில் கிடந்த ஒரு பழைய கவர்தான். பையனின் சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது, அனுப்புநர் முகவரியோடு. நீதிபதி பார்ப்பது அதைத்தான். இவனை வெளியே விட்டால் எந்த வீட்டில் தங்குவான், யார் சோறு போடுவார்கள், கூப்பிட்டால் வருவானா, வெளியே இருப்பதால் யாருக்கும் ஆபத்து உண்டா. ஊரில் உள்ள சொத்தைக் காட்டினால் சில சமயம் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே திருப்பிப் பிடிப்பார்: ஊரில் தோப்பும் வீடும் இருக்கிறதே, இவன் அங்கே போய்விட மாட்டானா என்று.

உங்கள் பையனுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, தொகை வந்துவிட்டது என்கிறீர்கள். சரி. அது உண்மையா என்று முதலில் பாருங்கள். சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். போனில் கேட்ட தகவலை வைத்து நகையை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீதிபதி பாண்ட் கொடுத்தால் எழுத்தில் ஒரு உத்தரவு இருக்கும். அதில் தொகை, நீதிபதி கையெழுத்து, பையனின் ஏ-நம்பர் எல்லாம் இருக்கும். ஏ-நம்பர் என்பது 'ஏ' எழுத்தும் அதன் பின்னால் ஒன்பது இலக்கமும். அமெரிக்காவில் அவனுடைய வழக்கு முழுக்க அந்த எண்ணில்தான் ஓடும். உத்தரவின் போட்டோவை வக்கீலிடமிருந்து வாங்குங்கள். பையனுக்கு வக்கீல் இல்லை என்றால் அவனே போனில் எண்ணைச் சொல்வான். இமிக்ரேஷன் கோர்ட்டில் அரசு செலவில் வக்கீல் தரமாட்டார்கள், வைத்தால் சொந்தச் செலவு.

ஐஸ் எனப்படும் அமெரிக்க இமிக்ரேஷன் அமலாக்கத் துறையின் இணையதளத்தில் ஆளைத் தேடும் பக்கம் ஒன்று உண்டு. ஏ-நம்பரும் பிறந்த நாடும் போட்டால் எந்த மையத்தில் இருக்கிறான் என்று காட்டும். பெயர் போட்டும் தேடலாம், ஆனால் அங்கேதான் நம் ஆட்களுக்குத் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் பின்பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பெயர் முழுவதையும் பின்பெயராக ஏற்றிவிட்டு, முன்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். செந்தில்குமார் எஃப்.என்.யூ செந்தில்குமாராக உள்ளே இருப்பான், வீட்டில் செந்தில் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஏ-நம்பரை வைத்துத் தேடுங்கள். இன்னொன்று, அங்கே கேட்பது பிறந்த நாடு, குடியுரிமை அல்ல. கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளையைத் தேடும்போது இலங்கை என்று போட்டால் வராது, இந்தியா என்று போட வேண்டும். இதற்காக ஒரு குடும்பம் நான்கு நாள் அழுதிருக்கிறது.

எல்லாருக்கும் பாண்ட் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற வேறு வீடுகளில் நிலைமை வேறாக இருக்கும். விசாவோடு முறையாக உள்ளே போய், அப்புறம் காலம் தவறியவர்களுக்குப் பாண்ட் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் பையன் இந்த வகை. சில குற்றங்களில் தண்டனை பெற்றிருந்தால் இவர்களுக்கும் கிடையாது. மெக்சிகோ எல்லை வழியாக, டாங்கி ரூட் என்கிறார்களே அப்படி, அனுமதி இல்லாமல் நுழைந்தவர்களின் பாடு 2025-இல் மோசமாகிவிட்டது. அந்த வருடம் செப்டம்பரில் இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம், இப்படி வந்தவர்களுக்குப் பாண்ட் தர இமிக்ரேஷன் நீதிபதிக்கு அதிகாரமே இல்லை என்று முடிவு செய்தது. அதை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு ஆட்கொணர்வு மனுக்கள் குவிந்தன. ஒரே மாதிரித் தீர்ப்பு வரவில்லை. அதனால் எந்த மாநிலத்தில் அடைத்திருக்கிறார்கள் என்பதே இப்போது பெரிய கேள்வி. இந்த வகை ஆட்களுக்கு "பாண்ட் வாங்கித் தருகிறேன்" என்று இங்கே யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். அங்கே ஃபெடரல் கோர்ட்டில் வாதாடும் வக்கீல் ஒருவர்தான் வேண்டும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, அடிதடி என்று முதலில் உள்ளூர் போலீஸ் பிடித்த கேஸ் என்றால் இரண்டு ஜாமீன் இருக்கும். ஒன்று மாநிலக் கோர்ட்டில், இன்னொன்று இமிக்ரேஷனில். முதலாவதைக் கட்டிவிட்டு வாசலில் காரோடு நின்றால், பின்வாசல் வழியாக ஐஸ் கூட்டிப் போயிருக்கும். இரண்டு வக்கீல்களும் பேசிக்கொண்ட பிறகு கட்டுவது நல்லது.

10,000 அதிகம், குறைக்கக் கேட்கலாமா என்று உங்கள் அண்ணன் நினைக்கக்கூடும். உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் பையன் அதுவரை உள்ளேதான் இருப்பான். திரும்ப அதே நீதிபதியிடம் போக வேண்டுமானால் சூழ்நிலை ஏதாவது பெரிதாக மாறியிருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கட்டிவிடுவேன். அரசுத் தரப்பும் மேல்முறையீடு செய்யலாம், சில சமயம் அதைக் காரணம் காட்டி விடுதலையை நிறுத்தியும் வைப்பார்கள். ஆகவே பணம் அனுப்பும் முன் "அரசு அப்பீல் போட்டிருக்கிறதா" என்ற ஒரு கேள்வியை வக்கீலிடம் கேளுங்கள்.

இனி கட்டும் முறை. என் காலத்தில் நெவார்க்கில் ஃபெடரல் கட்டடத்துக்கு நேரில் போக வேண்டும். வங்கியில் எடுத்த கேஷியர்ஸ் செக், அடையாள அட்டை, ஏ-நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. காலையில் போனால் சாயங்காலம் எலிசபெத் டிடென்ஷன் மையத்து வாசலில் ஆள் வெளியே வருவான். பழைய கிடங்கை மாற்றிக் கட்டிய இடம் அது. வெளியே நின்றால் உள்ளே மனிதர்கள் இருப்பதே தெரியாது. இப்போது அந்த ஜன்னல் வரிசை போய்விட்டது. 2023 முதல் சிபாண்ட்ஸ் என்ற ஐஸ் இணையதளத்தில்தான் கட்டுகிறார்கள். கட்டுபவர் கணக்குத் தொடங்கி, தன் அடையாள ஆவணங்களை ஏற்றி, பையனின் ஏ-நம்பரைக் கொடுத்து விண்ணப்பிப்பார். அவர்கள் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகு பணம் அனுப்பும் விவரம் வரும். ஃபெட்வயர் அல்லது ஏ.சி.எச் எனப்படும் அமெரிக்க வங்கிப் பரிமாற்றம் மூலம்தான் கட்ட முடியும். கடலூர் வங்கியிலிருந்து நேராகக் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. கட்டுபவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர் என்றால் சிக்கல் இல்லை. எடிசன் மாமா இந்த இடத்துக்குப் பொருத்தமானவர்.

கட்டுபவரை அங்கே 'ஆப்ளிகர்' என்பார்கள். பொறுப்பேற்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ-352 என்ற படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுகிறார். அதன் சாரம் ஒன்றுதான்: இந்த ஆளை நீங்கள் கேட்கும் நாளில், கேட்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். பையன் வேறு கடன் வாங்கினாலோ, வேறு ஏதாவது வம்பில் மாட்டினாலோ மாமா பொறுப்பில்லை. அவருக்கு இருக்கும் ஆபத்து அந்த 10,000 டாலர் மட்டும்தான். அதுவும் உங்கள் பணம். ஆனால் நடுவில் மனம் மாறி "பணத்தைக் கொடு, நான் விலகிக்கொள்கிறேன்" என்று அவர் கேட்க முடியாது. வழக்கு முடியும்வரை அவர் பெயர் அதில் இருக்கும். இதை முன்னாலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள். பாவம், நல்ல மனதோடு ஒப்புக்கொள்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

பணத்தை எப்படி அனுப்புவது? டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9 லட்சம். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், இது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பான் கார்டு வேண்டும், ஏ-2 படிவம் நிரப்ப வேண்டும், கிளையில் அந்நியச் செலாவணி வசதி இல்லை என்றால் பக்கத்துப் பெரிய கிளைக்கு, தேவைப்பட்டால் புதுச்சேரிக்குப் போங்கள். கவுன்டரில் என்ன காரணம் என்று கேட்பார்கள். கூச்சப்பட்டு மாற்றிச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லிக் கோர்ட் உத்தரவின் நகலைக் காட்டுங்கள். நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ் என்ற முன்வரி பிடிக்க மாட்டார்கள். அதற்கு மேல் போகும் தொகைக்கு இந்த மாதிரிக் காரணங்களில் 20 சதவீதம் பிடிப்பார்கள். அது வரி கணக்கில் வரவாகும், தொலைந்து போவதில்லை, ஆனால் அந்த நேரத்தில் கையில் இருந்து போய்விடும். அண்ணன் ஏற்கெனவே இந்த வருடம் பையனுக்குப் பணம் அனுப்பியிருந்தால் கூட்டிப் பாருங்கள். தாண்டுவது போலிருந்தால் பாதியை அண்ணி கணக்கிலிருந்து அனுப்பலாம், அவருடைய பானில் தனிக் கணக்கு. மாமாவுக்கு அமெரிக்காவில் இதனால் வரித் தொல்லை வருமா என்று அவர் பயப்படலாம். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பு வருடத்தில் 1,00,000 டாலரைத் தாண்டினால்தான் அவர் அங்கே தெரிவிக்க வேண்டும்.

உண்டியல் (ஹவாலா) வழி வேண்டாம். "இங்கே குடுங்க, அங்கே ஒரு மணி நேரத்தில் கையில் கிடைக்கும்" என்பார்கள், கிடைக்கவும் செய்யும். ஆனால் அது ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. அதோடு, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மாமா கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. நாளைக்கு அவரிடம் திரும்பக் கேட்கும்போது உங்கள் கையிலும் இருக்காது.

வட்டிக் கணக்கையும் போட்டுவிடுங்கள். எல்லாரும் டாலரையே பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. ஊரில் 2 ரூபாய் வட்டிக்கு 9 லட்சம் வாங்கினால் மாதம் 18,000. இமிக்ரேஷன் கோர்ட்டுகளில் 30 லட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. வெளியே வந்தவனின் வழக்கு மூன்று வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 6,48,000 ரூபாய். அமெரிக்க அரசும் பாண்ட் பணத்துக்கு வட்டி தரும், ஆனால் அது வருடத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதனால் இருக்கிற நகையைக் கூட்டுறவு வங்கியில் வையுங்கள், சொந்தக்காரர்களிடம் வட்டியில்லாமல் கேளுங்கள், 2 ரூபாய் வட்டிப் பக்கம் கடைசியாகப் போங்கள். இது நீங்கள் கேட்காமலே நான் சொல்லும் யோசனைதான், ஆனால் பையன் பத்திரமாக வெளியே வந்த பிறகு வட்டியில் மூழ்கிய வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

அந்த ஏஜென்ட் சொல்லும் 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அமெரிக்காவில் பாண்ட் கம்பெனிகள் உண்டு, அவை முழுத் தொகைக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். 10, 15, 20 சதவீதம். அந்தக் கட்டணம் திரும்பவே திரும்பாது, மேற்கொண்டு அடமானமும் கேட்பார்கள். முழுப் பணம் புரட்டவே முடியாதவர்களுக்கு அது ஒரு வழி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அங்கே உரிமம் பெற்ற கம்பெனி செய்யும் வேலை. புதுச்சேரியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அலுவலகம் வைத்திருப்பவர் 2,000 டாலர் வாங்கிக்கொண்டு என்ன செய்வார்? வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். அதே மாதிரி, ஐஸ் அதிகாரி என்று வாட்ஸாப்பில் யாராவது பேசினாலோ, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் அனுப்பு என்றாலோ போனை வைத்துவிடுங்கள். பாண்ட் பணம் கிஃப்ட் கார்டாகப் போகாது, வக்கீலின் சொந்தக் கணக்குக்கும் போகாது. வக்கீல் ஃபீஸ் வேறு, பாண்ட் வேறு. இரண்டையும் ஒரே தொகையாகக் கேட்கும் வக்கீலிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டி முடிந்ததும் ஐ-305 என்ற ரசீது வரும். ரசீது மாமா பெயரில் இருக்கும். பையன் பெயர் அதில் 'யாருக்காக' என்ற இடத்தில்தான். உங்கள் அண்ணன் பெயர் எங்கேயும் இருக்காது. அமெரிக்க அரசைப் பொறுத்தவரை இந்தப் பணத்தின் சொந்தக்காரர் எடிசன் மாமா. அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் அவருக்கு வேலை போகலாம், விவாகரத்து ஆகலாம், இறந்தும் போகலாம். அவர் மனைவிக்கு இந்தக் கதையே தெரியாமல் இருக்கலாம். ஆகவே பணம் அனுப்பும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்ன தேதியில் இன்ன வங்கி வழியாக இவர் அனுப்பிய இவ்வளவு டாலர், இந்த ஏ-நம்பருக்கான பாண்ட் கட்டத்தான், அரசு திருப்பித் தரும்போது வட்டியோடு இன்னாருக்கு அனுப்பப்படும். இருவரும் கையெழுத்து, அங்கே ஒரு நோட்டரி முத்திரை. மாமா மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். "அண்ணன் பேங்க்ல கேக்கறாங்களாம்" என்று சொல்லிக் கேளுங்கள்.

பையன் வெளியே வந்த பிறகு எல்லாம் முகவரியில்தான் இருக்கிறது. தங்கும் இடம் மாறினால் ஐந்து நாளுக்குள் இ.ஓ.ஐ.ஆர்-33 படிவத்தில் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஐஸ் அலுவலகத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோர்ட் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், இவன் போகாமல் விட்டால் அவன் இல்லாமலே நாடு கடத்தும் உத்தரவு வந்துவிடும், பாண்டும் போகும். சில பேருக்குக் காலில் கருவி மாட்டி அனுப்புவார்கள், போனில் செயலி வழியாக முகம் காட்டச் சொல்வார்கள். பணம்தான் கட்டியாயிற்றே என்று அதை அலட்சியம் செய்யக் கூடாது.

மாமா வீடு மாறினாலும் ஐ-333 படிவத்தில் அவர் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு கேஸ். திருச்சிப் பையன், நண்பன் 7,500 டாலர் கட்டியிருந்தான். இரண்டு வருடம் கழித்து நண்பன் ஜெர்சி சிட்டியிலிருந்து டெக்சாஸுக்கு வேலை மாறிப் போனான். ஐஸ் ஆளைக் கூப்பிடும்போது நோட்டீஸ் பையனுக்குப் போகாது, கட்டியவருக்குத்தான் போகும். ஐ-340 என்று பெயர். இன்ன தேதி, இன்ன நேரம், இந்த ஆளைக் கொண்டுவா என்று இருக்கும். அது பழைய அபார்ட்மென்ட் தபால் பெட்டியில் கிடந்தது. பையன் நாலு தெரு தள்ளித்தான் இருந்தான், கூப்பிட்டிருந்தால் நடந்தே போயிருப்பான். நாள் தவறியது. அடுத்து வந்த ஐ-323, பாண்ட் மீறப்பட்டது என்ற அறிவிப்பு, அதே பெட்டிக்குப் போனது. அதை எதிர்த்து அப்பீல் செய்ய 30 நாள்தான். யாரோ புதிதாகக் குடிவந்தவர் கவரை எடுத்துக் கொடுத்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. 7,500 டாலர் போயிற்று. முகவரி மாற்றத்தை நாங்களும் ஒரு தடவை நினைவூட்டியிருக்கலாம், செய்யவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் பணம் இப்படித் திரும்பும். வழக்கு முடிந்ததும் பாண்ட் ரத்து என்று ஐ-391 அறிவிப்பு மாமாவுக்கு வரும். அதையும் ஐ-305 ரசீதையும் வெர்மான்ட் மாநிலம் வில்லிஸ்டனில் இருக்கும் கடன் மேலாண்மை மையத்துக்கு அனுப்பினால் பணம் வரும். சில மாதம் ஆகும். ரசீது தொலைந்தால் ஐ-395 என்ற உறுதிமொழிப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். பையன் வழக்கில் தோற்றால் பணம் போய்விடும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தோற்று, போ என்று சொன்ன நாளில் கிளம்பி ஊர் வந்து சேர்ந்தாலும் பணம் திரும்பும். கூப்பிட்டபோது வந்தானா என்பது மட்டும்தான் கணக்கு.

அக்கா கேட்காத ஒன்றும் இருக்கிறது. பையனுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? அங்கே இருந்து வழக்கு நடத்த அவனுக்கு ஏதாவது வலுவான காரணம் இருக்கிறதா, இல்லை ஊருக்கு வந்துவிடத் தோன்றுகிறதா? வழக்கின் ஆரம்பத்திலேயே தானாகப் புறப்படுகிறேன் என்று நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம். கிடைத்தால் நாடு கடத்தல் உத்தரவு பெயரில் ஏறாது. உத்தரவு ஏறினால் பொதுவாகப் பத்து வருடம் அந்தப் பக்கம் போக முடியாது. 9 லட்சம் கட்டி வெளியே எடுத்து, வேலை செய்ய அனுமதியும் இல்லாமல் மூன்று வருடம் மாமா வீட்டு சோபாவில் படுக்க வைப்பதைவிட அது மேலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வக்கீலிடமும் பையனிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவன் அப்பா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் சரியான பதில் வராது.

பையனிடம் பேசும்போது கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள், கோர்ட் செலவிலேயே தருவார்கள். இங்கிலீஷ் தெரியும், சமாளித்துக்கொள்கிறேன் என்பான். எம்.எஸ் படித்த பையன்களே அங்கே பதற்றத்தில் 'ஆமாம்' என்று சொல்லக்கூடாத இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் மாதிரி இங்கிருந்து அனுப்பும் தமிழ்க் காகிதம் எதுவானாலும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்ட சான்றும் சேர வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போகாதீர்கள். நியூ ஜெர்சிக்கு நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான். அவர்கள் பாண்ட் கட்ட மாட்டார்கள், ஆனால் பையன் கேட்டால் போய்ப் பார்க்கலாம். பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தால் அவர்களிடம்தான் வேலை. வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் வீட்டிலிருந்தே ஒரு புகார் பதிந்து வையுங்கள்.

நியூ ஜெர்சியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. இன்று அந்த நேரத்துக்கு மாமாவைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: உத்தரவின் போட்டோ, சிபாண்ட்ஸில் அவர் கணக்குத் தொடங்கிவிட்டாரா, அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் வீடு மாறும் யோசனை உண்டா. மூன்றாவது கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னால் நல்ல ஆள்தான். சிபாண்ட்ஸில் ஒப்புதல் வந்த பிறகே வங்கிக்குப் போங்கள்.